ஸ்காலர்ஷிப் பாண்டுரங்கன்

பாண்டுரங்கனை வடக்குப்பட்டில் யாரும் பாண்டுரங்கன் என்று கூப்பிடுவதில்லை. ‘ஸ்காலர்ஷிப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘ஸ்காலர்ஷிப் வூட்டு மாடு அவுத்துக்கினு ஓடுது’ என்பார்கள். ‘ஸ்காலர்ஷிப்புக்குக் காய்ச்சலாம்’ என்பார்கள். 1958-இல் காஞ்சிபுரத்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் உபகாரச் சம்பளம் கொடுத்து அவனைப் பி.யு.சி. படிக்க வைத்தது. அந்த ஊரிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். அதே வாசலை மிதித்து எப்படி வெளியே வந்தான் என்பதை மட்டும் அவன் ஊருக்குச் சொல்லவில்லை. ‘வீட்டுச் சூழ்நிலை’ என்று பொதுவாகச் சொல்லி வைத்திருந்தான். வீட்டுச் சூழ்நிலை நன்றாகத்தான் இருந்தது. இங்கிலீஷ்தான் சரியில்லை.

முதல் பரீட்சைக்கு அவன் ‘ரயில் பயணம்’ என்ற கட்டுரையை நெட்டுருப் போட்டுக்கொண்டு போயிருந்தான். கேள்வித்தாளில் ‘பஸ் பயணம்’ வந்திருந்தது. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று, ரயில் வந்த இடத்திலெல்லாம் பஸ் என்று போட்டு எழுதிவிட்டான். அவனுடைய பஸ் குகைக்குள் புகுந்து வெளியே வந்தது. கூவென்று ஊதியது. கார்டு பச்சைக் கொடி காட்டியதும் தண்டவாளத்தில் கிளம்பிப் போயிற்று. முப்பது மார்க் போட்டிருந்தார்கள். அந்தப் பரீட்சைத்தாளைத் திருத்திய புண்ணியவான் சிரித்த சிரிப்புக்குத்தான் அந்த முப்பதும் என்று பாண்டுரங்கன் பின்னாளில் தன் மனைவி ஜெயத்திடம் சொல்வான். செப்டம்பரில் மறுபடி எழுதினான். அதில் அதுவும் வரவில்லை.

பிறகு படப்பையில் ஓர் உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். யூரியா மூட்டையை நிறுத்துப் போடுவதும், வருகிற குடியானவர்களுக்கு உலக விஷயம் சொல்வதும் அவன் வேலை. முதலாவதற்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதை அவன் தர்மமாகச் செய்தான். யாராவது தன் பிள்ளையைப் படிக்க வைக்கவேண்டும் என்று பேச்செடுத்தால் போதும், “மெட்ராஸ்ல மூலைக்கு மூலை டிரஸ்ட் கீதுபா. பணத்த வெச்சிக்கினு ஆளத் தேடிக்கினு கீறாங்க. கேக்கறவன்தான் இல்ல” என்பான். கேட்கிறவர்கள் தலையை ஆட்டிவிட்டு உரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பதினாலு வருஷம் இப்படி எந்த வில்லங்கமும் இல்லாமல் ஓடிற்று. 1973 மே மாதம் பாஞ்சாலி வந்தாள்.

பாஞ்சாலி ஊரில் நாலு மாடு வைத்துப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவள். புருஷன் தணிகாசலம் மாட்டுவண்டி ஓட்டுகிறவன். மாட்டிடம் பேசுவானே தவிர மனிதர்களிடம் அவ்வளவாகப் பேசமாட்டான். ஆகவே வெளிவேலைக்கெல்லாம் பாஞ்சாலிதான். அன்று மகள் சரோஜாவையும் கையோடு கூட்டிக்கொண்டு உரக்கடைக்கு வந்து நின்றாள்.

“அண்ணா, இது எஸ்.எஸ்.எல்.சி.ல ஸ்கூல்லயே மொதல் மார்க்கு. காஞ்சீரம் காலேஜ்ல எடம் கெடைச்சிட்சி. ஆஸ்டலுக்குக் கட்டத்தான் வழி இல்ல. நீ ஒரு ஸ்காலர்ஷிப்பு வாங்கிக் குடு” என்றாள்.

கடையில் ஒரு கிலோ பொட்டாஷ் கேட்கிற மாதிரி கேட்டாள். கடையில் நாலு பேர் இருந்தார்கள். பாண்டுரங்கனுக்கு யாராவது இருக்கும்போது முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

“அதுக்கு இன்னா பாஞ்சாலி. ஒண்ணுக்கு ரெண்டாவே வாங்கிடலாம்” என்று அவன் வாய் சொல்லிவிட்டது. அந்த வாயை அவன் அன்று ராத்திரி வரை திட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டில் ஜெயம் கேட்டதும் சிரித்தாள். “உனுக்குப் பணம் குடுத்தாரே காஞ்சீரத்து சாரு, அவர் கைலயே கேளேன்யா.”

“அவர் செத்துப் போயிருப்பாரு.”

“செத்தா பேப்பர்ல போட்டிருப்பான். நீதான் தெனம் கடைசிப் பக்கம் வரிக்கும் படிக்கிறியே.”

காஞ்சிபுரத்துத் தர்ம ஸ்தாபனத்தின் காரியதரிசி வரதராஜுலு, அவனைப் படிக்க அனுப்பியபோது, “பாஸ் பண்ணிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ” என்றுதான் சொல்லியிருந்தார். பாஸ் பண்ணாததால் அவன் போகவில்லை. ஒரு வருஷம் போகாமல் இருந்தவனுக்கு இரண்டாவது வருஷம் போக இன்னும் கூச்சமாக இருந்தது. அப்புறம் அந்தத் தெருவுக்குள்ளேயே கால் வைப்பதில்லை என்று ஆகிவிட்டது. கடைக்குச் சரக்கெடுக்கக் காஞ்சிபுரம் போனால் மூன்று சந்து சுற்றித்தான் போவான். அந்தச் சந்து ஒன்றில் ஒருமுறை நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டான். இங்கிலீஷில் ஃபெயிலான ஒரு குற்றத்துக்கு வயிற்றில் ஊசி போட்டுக்கொண்ட ஆள் இந்த ஜில்லாவிலேயே தான் ஒருவன்தான் என்று அவனுக்குத் தோன்றும்.

ஆகவே காஞ்சிபுரத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்துக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனான்.

மெட்ராஸில் ஒரு சங்கத்துக்குப் போனார்கள். “எங்க சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்” என்றார் அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர். பாண்டுரங்கன் சற்றும் யோசிக்காமல், “நாங்களும் அதேதான் சார்” என்றான். அவர் சந்தோஷப்பட்டு, “அப்படியா, எந்த ஊர்க் கிளை?” என்று கேட்டார். கிளை என்றால் மரத்தில் இருப்பதுதான் அவனுக்குத் தெரியும். “ஒரகடம் கூட்டுரோட்டுக் கிளை” என்றான். அவர் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்துவிட்டு வந்துவிட்டார்கள்.

சைதாப்பேட்டையில் ஒரு மரக்கடை முதலாளி தன் தாயார் திவசத்தன்று மாணவர்களுக்கு உதவி செய்கிறார் என்று பேப்பரில் பார்த்திருந்தான். காலையிலேயே போய் வரிசையில் நின்றார்கள். சரோஜாவுக்கு ஒரு சிலேட்டும் பல்பமும் ஒரு லட்டும் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். வரிசையில் இருந்த மற்றவர்களெல்லாம் அவள் இடுப்பு உயரம்தான். போட்டோவில் பாண்டுரங்கனையும் நிற்கவைத்து அவன் கையிலும் ஒரு சிலேட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

சர்க்கார் ஆபீஸ் ஒன்றுக்கும் போனார்கள். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, எந்தெந்த உதவி யார் யாருக்குக் கிடைக்கும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். சரோஜாவுக்குக் கிடைக்கக்கூடியது ஒன்று இருந்தது. அதற்கு மனுக் கொடுக்கவேண்டிய கடைசித் தேதி போன வெள்ளிக்கிழமை.

“வெள்ளிக்கிழமை நாம எங்க மாமா இருந்தோம்?” என்று வெளியே வந்ததும் சரோஜா கேட்டாள்.

“லட்டு துன்னுக்கினு இருந்தோம்” என்றான் பாண்டுரங்கன்.

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. உண்மை அதுதான். ஆனால் பாஞ்சாலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சரோஜா சிரிக்கவில்லை. காலேஜில் சேர இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். மணிமங்கலம் தாண்டியதும் திரும்பி, “மாமா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு எங்க குடுத்தாங்களோ அங்கயே போய்க் கேட்டா இன்னா?” என்றாள்.

பாண்டுரங்கனுக்குச் சட்டென்று ஒரு பொய்யும் வரவில்லை. வழக்கமாக வந்துவிடும். அந்தப் பெண் இரண்டு வாரமாகத் தன் ஒரே நல்ல தாவணியைத் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டு அவன் பின்னால் அலைந்திருந்தாள். அவனோ தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவளைச் சிலேட்டு வாங்க வைத்திருந்தான். அப்படி என்ன மானம் அது என்று யோசித்துப் பார்த்தான். பஸ்ஸைத் தண்டவாளத்தில் ஓட்டியவனின் மானம்.

“போலாம்மா. நாளைக்கே போலாம்” என்றான்.

மறுநாள் மூன்று பேரும் காஞ்சிபுரத்தில் இறங்கியதும், பழக்க தோஷத்தில் பாண்டுரங்கனின் கால் சந்துப்பக்கம் திரும்பியது. அவன் அதை இழுத்து நேர்த்தெருவில் விட்டான். வரதராஜுலு சாகவில்லை. ரிடையரான ஹெட்மாஸ்டர். வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய மேஜையைப் போட்டு, அதன்மேல் தர்ம ஸ்தாபனத்தை நடத்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடி இன்னும் தடித்திருந்தது. “வாங்க, உக்காருங்க” என்றார். பாண்டுரங்கனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்க பொண்ணுக்கு என்ன உறவு?” என்றார்.

அவருக்கு அவனை அடையாளமே தெரியவில்லை.

பாண்டுரங்கனுக்கு முதலில் உயிர் வந்தது. அடுத்த நிமிஷம் சிறிது வருத்தமாகவும் இருந்தது. பதினாலு வருஷமாகச் சந்து சந்தாகச் சுற்றியிருக்கிறான், நாயிடம் கடிபட்டிருக்கிறான், இந்த மனுஷர் அவனை மறந்தே போயிருக்கிறார். “மாமா முறை சார்” என்றான்.

வரதராஜுலு சரோஜாவின் மார்க்கை வாங்கிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். “ஆனா எங்க ஸ்தாபனத்துல ஒரு ரூல் உண்டும்மா. மார்க்கை மட்டும் பார்த்துக் கொடுக்கறதில்லை. இங்கயே உக்காந்து இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுதிக் காட்டணும். அதுல தேறினாத்தான். முன்னெல்லாம் அப்படிக் கிடையாது. ஒரு பையன் வந்தான். கணக்குல சூரன். நம்பி அனுப்பினோம். இங்கிலீஷ்ல ரெண்டு தடவை கவிழ்ந்துட்டு ஆளே காணாமப் போயிட்டான். அப்புறம் கமிட்டியில கூடி இந்த ரூலைப் போட்டோம். எங்களுக்குள்ள அதுக்கு வடக்குப்பட்டு ரூல்னே பேரு.”

பாண்டுரங்கன் கூரையைப் பார்த்தான். நாலு உத்தரங்கள் இருந்தன. எல்லாமே கெட்டியாக இருந்தன. ஒன்றுகூட விழுவதாகத் தெரியவில்லை.

பாஞ்சாலிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “வடக்குப்பட்டா? எங்க ஊருதாங்க அது! எங்க ஊரு பேருல ரூலு போட்டுக்கிறீங்களா!” என்றவள் பெருமை தாங்காமல் பாண்டுரங்கனைக் கையால் காட்டி, “தோ, இவரும் உங்க பணத்துல படிச்சவருதாங்க. ஊர்ல இவருக்குப் பேரே ஸ்காலர்ஷிப்புதான்” என்றாள்.

வரதராஜுலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, மேஜைமேல் குனிந்து அவனைப் பார்த்தார்.

“பாண்டுரங்கனா?”

“ஆமா சார்.”

“எங்கடா போயிட்டே?”

“படப்பைல உரக்கடைல கீறேன் சார்.”

“செத்துகித்துப் போயிட்டியோன்னு நினைச்சேன்.”

“நானும் உங்களப் பத்தி அப்படித்தான் சார் நெனைச்சிக்கினு இருந்தேன்” என்று சொன்ன பிறகுதான் அவன் என்ன சொன்னான் என்பது அவனுக்கே விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வரதராஜுலு சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற பார்வையாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஞ்சாலி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புரிந்துவிட்டது. “அய்யே” என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். சரோஜாதான் நிமிர்ந்து, “நான் எழுதறேன் சார்” என்றாள். சொல்லிவிட்டுத் தாவணி நுனியை விரலில் சுற்றத் தொடங்கினாள். அதைப் பாண்டுரங்கன் பார்த்தான். வரதராஜுலுவும் பார்த்தார்.

“தனியா எழுதப் பயமா இருக்கா? அப்ப ஒண்ணு செய்யலாம்” என்றார் அவர். மேஜை இழுப்பறையைத் திறந்து இரண்டு வெள்ளைத்தாளை எடுத்தார். ஒன்றை அவளிடம் கொடுத்தார். இன்னொன்றைப் பாண்டுரங்கன் பக்கம் தள்ளினார். “நீயும் துணைக்கு எழுது.”

“சார், நான் வந்து…”

“எழுதுடா.”

‘எதற்காகப் படிக்கவேண்டும்?’ என்பதுதான் தலைப்பு. அரை மணி நேரம். சரோஜா முதலில் பேனாவைக் கடித்தாள். பக்கத்தில் முழுசாக வளர்ந்த ஒரு மனிதர் வேர்த்து விறுவிறுத்து அதே தலைப்பை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது போலும். குனிந்தவள் நிமிரவில்லை. பாண்டுரங்கன் தன் பெயரை இங்கிலீஷில் அழகாக எழுதினான். கீழே ஒரு கோடு போட்டான். அப்புறம் யோசித்தான். அவன் எதற்காகப் படிக்கப் போனான்? யாரோ பணம் கொடுத்தார்கள், போனான். படித்துவிட்டு என்ன செய்வது என்று அவனை யாரும் கேட்கவும் இல்லை, அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஊரில் தலையை நிமிர்த்தி நடக்கலாம் என்று ஓர் எண்ணம் இருந்தது. அதை அவன் படிக்காமலேயே செய்துகொண்டுதான் இருந்தான். கடைசியில், கல்வி மிகவும் நல்லது, எல்லோருக்கும் நல்லது, நாட்டுக்கு நல்லது என்று மூன்று வாக்கியம் எழுதினான். இன்னும் இடம் நிறைய இருந்ததால் அதையே கொஞ்சம் பெரிய எழுத்தில் மறுபடி எழுதினான்.

வரதராஜுலு சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு முதலில் சரோஜாவினுடையதைப் படித்தார். பென்சில் அடிக்கடி தாளில் இறங்கியது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் பாண்டுரங்கனுக்கு வயிற்றில் அந்தப் பழைய ஊசி இறங்குவது போல் இருந்தது. பாதியில் அவர் பென்சிலை வைத்துவிட்டார்.

“என்னம்மா இது, பாலில் கண்ணாடிக் குழாய் விடறாங்கன்னு எழுதியிருக்கே?”

“சொசைட்டில சார். பால் அளக்கறவரு அத்த வுட்டுப் பாத்துட்டு எங்கம்மா பாலுல தண்ணி கீதுன்னு சொல்றாரு. எங்கம்மா ஊத்தலன்னு சொல்றாங்க. எங்கம்மா பொய் சொல்லமாட்டாங்க. கண்ணாடி எப்படிப் பொய் சொல்லும்னு எனக்குத் தெரியணும். அதான் கெமிஸ்ட்ரி படிக்கணும்னு எழுதினேன்.”

பாஞ்சாலி திடுக்கிட்டு, “அத்த எதுக்குடி இங்க எழுதின?” என்றாள்.

“நல்லா எழுதியிருக்கா” என்றார் வரதராஜுலு. “இலக்கணம் பாதி இடத்துல காலை வாருது. ஆனா சொல்ல ஒரு விஷயம் இருக்கு.” ஐம்பத்திரண்டு போட்டார். பிறகு அடுத்த தாளை எடுத்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

“பாண்டுரங்கா, பரீட்சையில அப்ப எவ்வளவு வாங்கினே?”

“மொத தடவை முப்பது சார்.”

“இப்ப முப்பத்தொண்ணு.” தாளை அவனிடம் நீட்டினார். “பதினாலு வருஷத்துக்கு ஒரு மார்க் வீதம் ஏறுது. பாஸ் மார்க் முப்பத்தஞ்சு. கணக்குல நீதான் சூரன், எப்ப பாஸ் பண்ணுவேன்னு நீயே போட்டுப் பாரு.”

பாண்டுரங்கன் அனிச்சையாகவே போட்டுப் பார்த்தான். எண்பத்தேழாவது வயதில் வந்தது. அதைச் சொன்னதும்தான் வரதராஜுலு சிரித்தார். கண்ணாடி மேஜையில் விழுகிற அளவுக்குச் சிரித்தார். பாஞ்சாலியும் சிரித்தாள். சரோஜா சிரிக்கலாமா கூடாதா என்று பாண்டுரங்கனைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள். இந்த வாசலில் இத்தனை வருஷம் எதற்குப் பயந்தானோ அது நடந்து முடிந்துவிட்டது. சேதம் ஒன்றும் பெரிதாக இல்லை.

சரோஜாவுக்கு ஒரு வருஷ ஆஸ்டல் செலவும் புத்தகச் செலவும் தருவதாக வரதராஜுலு சொன்னார். கமிட்டியில் தான் பேசிக்கொள்வதாகவும், ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் மார்க்கைக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்றும் சொன்னார். பாஞ்சாலி கும்பிட்டுவிட்டு, “நானே எடுத்தாறேன் சாமி” என்றாள்.

“நீங்க வேண்டாம். அவன் வரட்டும்” என்றார். “எங்க பணத்துல பாஸ் பண்ணிப் பெரிய உத்தியோகத்துக்குப் போன பையனுங்க எத்தனையோ பேர். ஒருத்தனும் இன்னொரு பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வரலை. ஃபெயிலானவன் வந்திருக்கான். இதை என்னன்னு எடுத்துக்கறதுன்னு எனக்கே தெரியலை. கமிட்டியில கேட்டா என்னத்தைச் சொல்வேன்?”

பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டியது. பாஞ்சாலி மெதுவாக, “அப்ப வூட்டுச் சூழ்நிலைன்னு சொன்னது?” என்றாள்.

“அது சும்மா.”

“ஊர்ல தெரியுமா?”

“ஜெயத்துக்குத் தெரியும். இப்ப உனுக்குத் தெரியும். நாளைக்குப் பால் ஊத்தப் போற எடத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.”

“ஐயோ, நான் சொல்லமாட்டேண்ணா” என்றாள் பாஞ்சாலி. சொல்லவும் இல்லை. பாண்டுரங்கன்தான் பொறுக்காமல் மறுநாளே கடையில் சொன்னான். இத்தனை வருஷம் மூடி வைத்திருந்த கதை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. பஸ் குகைக்குள் புகுந்த இடத்தில் ஒரு குடியானவர் யூரியா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பதினாலு வருஷம் டிரஸ்ட்டைப் பற்றிப் பேசியபோது ஒருத்தர்கூட இப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

செப்டம்பரில் சரோஜாவின் முதல் பரீட்சை மார்க் வந்தது. பாண்டுரங்கன் வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் போனான். கெமிஸ்ட்ரியில் எழுபத்தொன்று. கணக்கில் அறுபத்துநாலு. இங்கிலீஷில் முப்பத்தெட்டு. வரதராஜுலு அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“முப்பத்தெட்டுதானா? கஷ்டம்தான் போலிருக்கே.”

பாண்டுரங்கனுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அவருக்கு எதிரே நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது.

“இன்னா சார் இப்படிச் சொல்லிட்டீங்க! முப்பத்தெட்டு இன்னா லேசா சார்? அந்த முப்பத்தஞ்சத் தாண்டறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்கு எங்க தெரியும்? நீங்க எல்லாத்துலயும் பாஸ் பண்ணவரு. என்னைக் கேளுங்க சார், நான் சொல்றேன்!”

வரதராஜுலு மார்க் தாளை மேஜைமேல் வைத்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, இரண்டு காப்பி கொண்டுவரச் சொன்னார்.